இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 20

கல்லூரி நெட்வொர்க்கைக் கவனிக்கும் மிஹிர் தா, அதாவது மிஹிர் அண்ணன், தோளில் பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா மகளுக்கு அசன்சோலில் கல்யாணம். பத்து நாள் லீவு.

"இதைச் சரி பண்ணாம நான் ஹவுரா ஸ்டேஷன் போகமாட்டேன் கொதிர்" என்றார் வங்காளத்தில். கதிரேசன் என்ற பெயரில் அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

திரையில் நிமிடத்துக்கு ஒரு தடவை அதே புகார். நேட்டிவ் வீ-லேன் பொருந்தவில்லை: இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 20.

எங்கள் ஹாஸ்டல் சுவிட்சுக்கும் லேடீஸ் ஹாஸ்டல் சுவிட்சுக்கும் நடுவே ஒரே கேபிள். அடையாளச் சீட்டு இல்லாமல் வரும் டேட்டாவை எந்த வீ-லேன் எண்ணில் சேர்ப்பது என்று இரண்டு முனையிலும் ஒரே எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆகவே கல்லூரியின் ஒழுக்க விதிகளையும் மீறி, மூன்று வாரமாக இரண்டு ஹாஸ்டல் சாட்டும் ஒன்றாகிக் கிடந்தன.

நூற்றிருபது பேர் அதில் வங்காளத்தில் கவிதை பரிமாறிக்கொண்டார்கள்.

நானும் வித்யாலட்சுமியும் மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துச் சண்டை போட்டோம், சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை.

அவள் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எனக்கு ஒரு வருடம் ஜூனியர். அந்தப் பக்கத்து சுவிட்ச் அவள் பொறுப்பு. நேரில் பேசியது இரண்டே தடவை, இரண்டும் கேபிள் முனை பொருத்தும் கிரிம்பிங் டூல் கேட்டு.

சரிசெய்தால் மறுபடியும் கிரிம்பிங் டூல்தான்.

மூன்று வாரம் முன்பு வந்த புது சுவிட்சில் எண்ணைத் தப்பாக அடித்தவன் நான்தான் என்பது ஊரறிந்த விஷயம். 10-ஐ 20 ஆக்கினேன். சாட் செத்தது.

புகார் சாகவில்லை. இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 10.

மிஹிர் தா அவளிடமும் சொல்லியிருந்தார். அவளும் அதே நிமிடம் மாற்றியிருந்தாள்.

லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். போன் வார்டன் மேஜையில் இருக்கும். நல்லவேளை, வார்டனுக்கும் தமிழ் தெரியாது.

"நான் திரும்ப பத்து ஆக்கறேன். நீ கை வைக்காதே, தாயே."

"சரி கதிர் தா. தொடவே மாட்டேன். சத்தியமா."

10 ஆக்கினேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரை சுத்தம்.

மிஹிர் தா என் தலையைத் தட்டிவிட்டு, ஜாதவ்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

காலியான சாட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பஸ் ஏறியிருக்கும் நேரம், திரையில் ஒரு வரி வந்தது.

இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 20.

என் சுவிட்சை இரண்டு தடவை சோதித்தேன். நான் தொடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பும் நான் அடித்தது சரியான எண்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.