மைக்கும் மெஷினும்

"டாக்டர், இவருக்கு மட்டும் மெஷின் வேணாம். கையாலேயே பண்ணிடுங்களேன்," என்றாள் நர்ஸ்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குடியிருப்போர் சங்கத் தலைவர் ஈறு மரத்துப்போவதற்காகக் காத்திருந்தார். பல்லுக்கு வேர் சிகிச்சை.

டாக்டருக்குச் சுருக்கென்றது. மெஷின் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஃபைல் என்கிற முறுக்கு ஊசியைக் கையால் திருகினால் வேருக்குள் இருக்கும் அழுக்கு நுனி வழியாகக் கீழே இறங்கிவிடும், மூன்று நாள் வலி பின்னியெடுக்கும். மெஷின் அதை மேலே இழுத்துவிடும், மறுநாளே வலி இருக்காது. வருகிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பிப்பதே இந்த நர்ஸ்தான்.

"மூணு நாள் வலிக்கும்னு தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதான் டாக்டர் கேக்கறேன்."

நாளை சங்கத்தின் ஆண்டு விழா. போன வருடம் 'ரெண்டே வார்த்தை' என்று மைக்கைப் பிடித்த தலைவர் இரண்டரை மணி நேரம் விடவில்லை. ஹாலைப் பூட்டும் நேரமாகிவிட்டது. ஆடக் காத்திருந்த நர்ஸின் மகள் போட்ட மேக்கப்போடு அழுதுகொண்டே வீடு திரும்பினாள். இந்த வருடமும் தலைவர் பேசிய பிறகுதான் அவள் நடனம்.

"வலியைக் குறைக்கத்தான் நாம இருக்கோம் சிஸ்டர், பழிவாங்க இல்ல," என்று டாக்டர் கண்டித்தார். மெஷினை எடுக்கப் போனால், அதன் தலைப்பாகத்தைக் காணோம். அவர் அவளுடைய கோட்டுப் பையைப் பார்த்தபடி கையை நீட்ட, அது வெளியே வந்தது.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாளைக்குப் பேசலாமா என்று தலைவர் கோணிய வாயோடு கேட்டார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று டாக்டர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றுவிட்டாராம், டாக்டரே வர வேண்டும் என்றார். அவர் ஏன் வரவில்லை என்று டாக்டருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை, தலைவரின் 'ரெண்டே வார்த்தை' ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

"இந்த மெஷின் மட்டும் இல்லேன்னா, மூணு நாளைக்கு நான் வாயே திறந்திருக்க முடியாது," என்று தலைவர் டாக்டரைக் காட்டினார். ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் டாக்டரை முறைத்தார்கள்.

மேடை ஓரத்தில் நர்ஸ் மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சின்னவளின் உதட்டுச் சாயம் பாதி போயிருந்தது. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வாசலுக்கு வந்துவிட்டான்.

டாக்டர் எழுந்து போய்த் தலைவரின் தோளைத் தொட்டார்.

"மன்னிக்கணும் ஐயா, நேத்து உங்ககிட்ட மறைச்சுட்டேன். மெஷின் பாதியிலேயே நின்னு போச்சு. மீதியைக் கையாலதான் முடிச்சேன்."

தலைவரின் கை மெல்லக் கன்னத்துக்குப் போனது.

"அதானே பார்த்தேன், காலையிலேருந்தே விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்று முனகியபடி, மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.