பச்சை நேரத்தில் வந்த மாப்பிள்ளை

இப்போதெல்லாம் பெண் பார்க்க நேரம் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, கைப்பட்டை. பட்டை பச்சையாக எரியும்போது பார்த்தது சாகும்வரை மறக்காது. சிவப்பில் நடந்தது விடிந்தால் போச்சு. அதனால் இருவருக்கும் சிவப்பான நேரத்தில்தான் பெண் பார்ப்பார்கள். வேண்டாம் என்று போய்விட்டாலும் மனதில் தங்காது.

மதிவதனிக்கு ஆறு மணிக்கு மேல்தான் சிவப்பு. மாப்பிள்ளை அமுதனோ பஸ் சீக்கிரம் வந்துவிட்டதென்று நாலரைக்கே வாசலில் நின்றான். அவள் பட்டை பளிச்சென்று பச்சை. அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மதிவதனி நீட்டிய காபியை அமுதன் பதற்றத்தில் தன் வேட்டியிலேயே கவிழ்த்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தனியாகப் பேசும்போது சொன்னாள்: "இந்தக் காபிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்களுக்குச் சிவப்பு. நாளைக்கு என் மூஞ்சிகூட ஞாபகம் இருக்காது."

அவன் வேட்டியைப் பிழிந்தபடி யோசித்தான். "காலைல ஆறு மணிக்கு எனக்குப் பச்சை. போன்ல கூப்பிடுறீங்களா?"

மறுநாள் ஆறு அடித்ததும் கூப்பிட்டாள். "நான் யாருன்னு தெரியுதா?"

"இல்லைங்க. ஆனா கறை வேட்டியில என் கையெழுத்துல ஒரு சீட்டு குத்தியிருக்கு. 'துவைக்காதே, கூப்பிடுவாங்க'ன்னு. அஞ்சு மணியிலேருந்து காத்திருக்கேன். பேரு சொல்லுங்க."