ஒன்பது நொடி

பிளாக் மெட்டல் என்ற அதிவேக ராக் இசை வாசிக்கும் எங்கள் குழுவில் கிட்டார் தந்தியை நொடிக்குப் பதினைந்து முறை மீட்டுவோம். அந்த வேகத்தில் தனித்தனி மீட்டல்கள் மறைந்து ஒரே மழையாகிவிடும். மழைக்கு அப்பால், தூரத்தில், ஓர் அலறல் கேட்க வேண்டும். அதை மட்டும் காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் பதிவு செய்வோம். சிமெண்ட் சுவர்கள் அதை ஒன்பது நொடி வைத்திருக்கும்.

நான்காவது ஆல்பத்தில் கடைசி அலறல் மட்டும் பாக்கி. இனிமேல் கத்தினால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தும், பாடகி ஜெசிந்தா ஏணியில் இறங்கினாள்.

“ஒரே தடவைதான்டா. ரெடியா இரு.”

கத்தினாள். தொட்டியின் விளிம்பில் பதிவுக்கருவியோடு உட்கார்ந்திருந்த எங்கள் டிரம்மர் தயாளன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிறகுதான் பட்டன் ஞாபகம் வந்து அழுத்தினான்.

“ஜெசி, மன்னிச்சிரு. எதிரொலி மட்டுந்தான் விழுந்திருக்கு.”

அவள் மேலேறி வந்து ஹெட்போனில் மூன்று முறை கேட்டாள். “டிரம்ஸ் அடிக்கிறவன் காதப் பாரு,” என்றாள் காற்றுக் குரலில். “இது போதும். அப்படியே வை.”

இப்போதெல்லாம் மேடையில் அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்துவோம். ஜெசிந்தா மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவாள். அவர்கள் கத்தி முடிக்கும் கணத்தில் தயாளன் அந்த எதிரொலியை ஒலிக்கவிடும் பட்டனை அழுத்துவான். ஒருமுறைகூடப் பிந்தியதில்லை.