ட்ரெபிள் ஒன்பதில்

“ட்ரெபிளை ஒன்பதுல வெச்சா சனம் காதைப் பொத்திட்டு ஓடிப்போயிரும், அம்மணி. நாலுக்கு இறக்கு.”

“ஒன்பதே இருக்கட்டுங்ணா.”

“ஒன்பது எதுக்கு? பத்துலயே வெச்சுப்போடேன்.”

“வெக்கலாமுங்களாண்ணா?”

ஆல்வினுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. கோவையில் ஒரு கல்லூரியின் 1997ஆம் வருட விழா. மாலை ஐந்து மணிக்கு கிதார் போட்டி, இப்போது மூன்றரை. மேடையில் நின்ற, கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் அவன் கையாலேயே செய்தது. கணபதியில் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றும் கோவிந்தராஜுலுவிடம் கெஞ்சி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கி, எட்டு மாதம் உட்கார்ந்து உருவாக்கியது. கம்பியைத் தொட்டால் போதும், மலையேறும் லாரி மாதிரி உறுமும். அதைத்தான் இன்றைக்கு இனியாவுக்கு இரவல் கொடுத்திருந்தான்.

ஜெயிப்பவரைச் சென்னை இசைக்குழு ஒன்று ஆறு மாதம் ஊர் ஊராக வாசிக்கக் கூட்டிப் போகும். அதுதான் முதல் பரிசு. சோமனூர் தறிக்காரர் மகளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது என்று சொல்லி, அவளைப் பெயர் கொடுக்க வைத்ததே ஆல்வின்தான்.

“இங்க பாரு. ட்ரெபிள்ங்கறது கீச்சு. கெயின்தான் கரகரப்பு. அது எவ்வளவு சத்தமா வெளிய வரோணும்கறது மாஸ்டர். எல்லாரும் கெயினை முழுசாத் திருகிப்போட்டு, மாஸ்டரைப் பயந்து பயந்து ரெண்டுல வெப்பாங்க. டப்பாக்குள்ள குளவி மாட்டுன மாதிரி இருக்கும். நாம கெயினை அஞ்சுக்கு இறக்கிட்டு மாஸ்டரை ஏத்தறோம். இப்ப வாசி.”

வாசித்தாள். சத்தம் கெட்டியாகக் கிளம்பிக் கடைசி வரிசையில் போய் முட்டியது.

“இது செரிங்ணா. ஆனா ட்ரெபிள் மட்டும்...”

“ஆமா, நீ எதுல வெச்சுப் பழகுனே?”

“எங்கூட்டு டேப் ரெக்கார்டர்ல சொருகித்தானுங். தறிக்குடோன் பக்கத்துலயே. டோன் குமிழை முழுசாத் திருகியும் பத்தலீங்.”

ஆல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அதான பாத்தேன். பக்கத்துல எட்டுத் தறி தடதடன்னு ஓடுனா உன்ற கிதார் எங்க கேக்கும்? அதை மீறிக் கேக்கோணும்னு ஏத்தி ஏத்தி, அந்தக் கீச்சுச் சத்தமே உனக்குப் பழகிப்போச்சு. இங்க ஏது தறி? நடுவருங்க மூணு பேரும் காதுல ஊசி குத்துன மாதிரி எந்திரிச்சுப் போயிருவாங்க.”

“அப்படித்தானுங்களா” என்று மட்டும் கேட்டுவிட்டு, இனியா குமிழை நாலுக்கு இறக்கினாள்.

“உங்கப்பா வாராரா?”

“ஷிப்டை மாத்திட்டு வாரேன்னாருங்.”

“நீ வாசிக்கறது அவருக்குப் புடிக்குமா?”

“ரெண்டு நிமிசம் உக்காந்திருப்பாருங். ‘நல்லாத்தான் இருக்குது கண்ணு’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.”

“இன்னைக்கு செயிச்சுக் காட்டு. எந்திரிக்கறாரான்னு பாக்கலாம்.”

ஐந்தரைக்கு அவள் முறை வந்தது. அப்பா ஆறுச்சாமி இஸ்திரி போட்ட சட்டையோடு நடு வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இனியா ஆரம்பித்ததுமே விசில்காரப் பையன்கள் அடங்கிப் போனார்கள். கனத்த தாளம் தரையில் அதிர்ந்தது. நடுவர் ஒருவர் தன்னையறியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் நின்ற ஆல்வின், பரிசு கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தான்.

பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. இனியா ஒரு நொடி நிறுத்தினாள். கூட்டத்தில் நடு வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, ட்ரெபிளைப் பத்துக்குத் திருகினாள்.

அடுத்த ஸ்வரம் அரங்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. முன்வரிசையில் பல பேர் காதைப் பொத்தினார்கள். தொடையில் தட்டிக்கொண்டிருந்த நடுவர் முகத்தைச் சுளித்து, பேனாவை எடுத்தார். ஆல்வின் கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, கடைசி ஸ்வரம் வரைக்கும் அப்படியே வாசித்து முடித்தாள்.

பரிசு ஈரோட்டுப் பையன் ஒருவனுக்குப் போனது.

“படிச்சுப் படிச்சு சொன்னேனே புள்ள. கைக்கு வந்ததைக் கெடுத்துப்போட்டியே. நாலுன்னு சொன்னது மறந்துபோச்சா?”

“மறக்கலீங்ணா” என்றாள் இனியா. குரல் லேசாக உடைந்தது. ஆனால் அவள் கண் கூட்டத்திலேயே இருந்தது.

ஆறுச்சாமி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்கய்யா. ட்ரெபிள் ஏறிப்போச்சுங்க. உங்களுக்குக் காது வலிச்சிருக்கும்” என்றான் ஆல்வின். அவர் திரும்பக்கூட இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

“ஏங்கண்ணு, இத்தனை நாளும் வெறுமனே தம்மு தம்முன்னுதான தட்டிட்டிருந்தே. இன்னைக்குத்தான் அதுல பாட்டே வந்துச்சு.”

முப்பது வருடத் தறிச் சத்தம் அந்த மனிதரின் காதிலிருந்து கீச்சு ஒலிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தது என்பதும், தனக்கு முன்பே அதைத் தெரிந்து வைத்திருந்தவள் யார் என்பதும் ஆல்வினுக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் அந்தக் குமிழை எத்தனையில் வைத்திருப்பீர்கள்?