திரும்பிய நேரம்

மில் விடுதியில் வெளியே போகிறவர்களுக்கு ஒரு பட்டியல், திரும்புகிறவர்களுக்கு ஒரு பட்டியல். கணினி பார்க்கும் மரகதவல்லி இரண்டையும் இன்னர் ஜாயின் என்ற கட்டளையில் சேர்த்து அறிக்கை எடுப்பாள். இரண்டிலும் இருக்கும் பெயர்கள்தான் அதில் வரும் என்பதால் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை. இன்று விடுதியில் தங்கி வேலை செய்யும் பூங்கோதையைக் கேட்டு அவள் அண்ணன் வந்து நின்றதும், முதல் பட்டியலை முழுதாகக் காட்டும் லெஃப்ட் ஜாயின் போட்டாள். வெளியே போன எல்லோரும் திரையில் வந்தார்கள். பூங்கோதைக்கு எதிரே மட்டும் திரும்பிய நேரம் காலியாக இருந்தது. அவள் வெளியே போன தேதி, பதினேழு நாள் பழையது.

“இந்தப் புள்ள திரும்பியே வரலீங்க.”

வார்டன் எட்டிப் பார்த்தார். “பழையபடியே போட்டுரு கண்ணு. அதுல எல்லாரும் வந்துட்டாங்கல்ல?”

மாற்றியதும் பூங்கோதையின் வரியே போய்விட்டது. அச்செடுத்த தாளை வாசலில் வாங்கிக்கொண்ட அண்ணன், முதல் பெயரில் விரல் வைத்துத் தங்கையைத் தேடத் தொடங்கினான்.