மறுபடியும் வெளுத்துப்போச்சு

“தம்பி, உங்க கறுப்பு மறுபடியும் வெளுத்துப்போச்சு! வந்து பாருங்க!”

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்தான். ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பைக்கை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ஆறு வாரத்தில் இது நாலாவது தடவை.

பழைய பைக்குகளின் சாம்பல் பூத்த பிளாஸ்டிக்கை மீண்டும் கறுப்பாக்குவதுதான் மெக்கானிக்கின் பிழைப்பு. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பதமாகக் காட்டி, மேலே எண்ணெய் தடவினால் கரேலென்று ஆகிவிடும். ‘ஒரு வருஷத்துக்கு வெளுக்காது’ என்று கடை வாசலில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தான்.

“வெயில்ல நிறுத்துறீங்களா சார்?”

“வண்டி ஷெட்டுக்குள்ளதான் நிக்குது. நான் என்ன துணியா காயப்போடுறேன்?”

“பெட்ரோல் ஊத்தித் துடைச்சீங்களா?”

“முப்பத்தஞ்சு வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டினவன்யா நான்! எனக்குத் துடைக்கத் தெரியாதா?”

அங்கே பிடித்த பேச்சு, என்றோ ஒரு மழைநாளில் தடம்புரண்ட சரக்கு வண்டிக்குப் போனது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். வெளுத்தது என்னவோ பிளாஸ்டிக்தான். மனிதர் வெளுத்து வாங்கியது மெக்கானிக்கை. காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், “அப்புறமா வரேன்ணே” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக்குக்கு ஒன்றுமே புரியவில்லை. வலது பக்க பிளாஸ்டிக் மூடி வைத்தது வைத்தபடி மின்னுகிறது. இடது பக்கம் மட்டும் நரைக்கிறது. ஒரே வண்டி, ஒரே ஹீட் கன், ஒரே கை. இது என்ன பில்லியா, சூனியமா? இப்படியே போனால் வாசல் எழுத்தை அவனே அழித்துவிட வேண்டியதுதான்.

இந்தத் தடவையும் கறுப்பாக்கிக் கொடுத்தான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. அந்த ஷெட்டைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று மத்தியானம் அவர் வீட்டுக்குக் கிளம்பினான்.

கேட் திறந்தே இருந்தது. ஜன்னல் வழியே ஸ்டேஷன் மாஸ்டர் தெரிந்தார். அணைத்து வைத்த டிவிக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடையில் வாய் ஓயாத மனிதரா இவர் என்று அவனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஷெட்டை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். அவருடைய மனைவி பைக்குக்கு இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் பவுடரைத் தொட்டு, நாரால் மூடியைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா! என்ன காரியம் பண்றீங்க? என் கடை மானமே போகுது!”

“ஷ்ஷ்... மெதுவா தம்பி, அவர் காதுல விழுந்துடும்!” என்று பதறினாள். “ரிடையரானதிலிருந்து வீட்ல வாயே திறக்காத மனுஷன். உங்க கடைக்கு வந்து சண்டை போட்ட அன்னைக்கு மட்டும், சாப்பிடும்போது எங்கிட்டயும் நாலு வார்த்தை பேசுறாரு.”

வலித்த மணிக்கட்டை நீவிக்கொண்டே அவனைக் கெஞ்சலாகப் பார்த்தாள்.

“அடுத்த தடவை, கொஞ்சம் சீக்கிரமா வெளுக்குற மாதிரி செஞ்சு குடுங்களேன் தம்பி!”