வராத காக்கை

அப்பாவின் திதி முடிந்து வாத்தியார் கிளம்பிப் போய் வெகு நேரமாகிவிட்டது. காக்கை மட்டும் வரவில்லை.

வெங்கட்ரமணன் பிண்டத்தை இலையோடு காம்பவுண்டு சுவரில் வைத்துவிட்டு, தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

சைனிக்புரியில் காக்கைக்கா பஞ்சம், இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லையே என்று அவர் மனைவி பட்டு புலம்பினாள்.

அப்போது மாடியிலிருந்து கரையும் சத்தம் கேட்டது. ஆண்டனியின் பால்கனியில்.

ஆண்டனி மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். ஊர் தூத்துக்குடி, ஐ.டி. வேலை. மாடியில் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்குச் சத்தமில்லாத மனிதர்.

வெங்கட்ரமணன் இலையோடு படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னார். ஆண்டனி வாசலை மறித்தாற்போல நின்றார்.

"பால்கனிக்கு நீங்க வர வேண்டாம் சார். இலையை எங்கிட்ட குடுங்க, நான் வச்சிடுறேன்."

"கர்மா பண்ணினவன் நான். நான்தான் வைக்கணும்."

"தயவுசெஞ்சு வேண்டாம் சார்."

வெங்கட்ரமணனுக்குச் சுருக்கென்றது. எங்கள் பித்ரு காரியம் உங்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாதாக்கும் என்றார். அதோடு விடவில்லை. வேற்று மதக்காரருக்கு வீட்டை விடாதே என்று அன்றைக்கே எல்லோரும் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்று பின்னால் வந்த பட்டுவிடம், ஆண்டனியின் காதில் விழும்படியாகவே சொன்னார்.

ஆண்டனியின் முகம் சிறுத்துவிட்டது. வெங்கட்ரமணன் அவரைத் தாண்டிப் போய் பால்கனிக் கதவைத் திறந்தார்.

எங்கிருந்தோ ஒரு காக்கை பாய்ந்து வந்து அவர் உச்சந்தலையில் கொத்தியது. கையைத் தூக்குவதற்குள் மறுபடியும் கொத்தியது. ஆண்டனி ஓடிவந்து அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பட்டு பதறிப்போய், கசிந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள்.

ஆண்டனி இலையை வாங்கிக்கொண்டு தானே பால்கனிக்குப் போனார். இருவரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். கிரில் கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் கூடை. அதற்குள் காய்ந்த சுள்ளிகள், இறகு சரியாக முளைக்காத இரண்டு குஞ்சுகள்.

ஆண்டனி கூடைக்குப் பக்கத்தில் இலையை வைத்தார். காக்கை அவர் கையருகே இறங்கியது. ஒரு வாய் சாதத்தை எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டியது.

பட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெங்கட்ரமணனுக்கு மனசு ஆறவில்லை. அப்பாவுக்கே தன்மேல் கோபமோ என்று தோன்றியது.

"உங்களை ஒண்ணும் பண்ணலையே. என்னை மட்டும் ஏன்?"

திதியும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு, முதலில் போய்ச் சாப்பிடுங்கள் என்று ஆண்டனி மழுப்பிப் பார்த்தார். வெங்கட்ரமணன் நகரவில்லை.

"கார்ல எச்சம் போடுதுன்னு போன வாரம் வேப்பமரத்தை வெட்ட வச்சீங்கல்ல சார்," ஆண்டனி தரையைப் பார்த்தபடி சொன்னார். "இந்தக் குஞ்சுங்க கூட்டோட கீழே விழுந்துச்சு. அப்ப நீங்கதான் மரத்தடியில நின்னீங்க. உங்க முகத்தை அது மறக்கல சார். அதான் வர வேண்டாம்னு சொன்னேன்."